மங்கா படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: முதல் புத்தகம் வாங்கும் முன்

ஷின்சானையும் டோரேமானையும் தமிழில் பார்த்து வளர்ந்தவர்கள் இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள், வேலைக்கும் போகிறார்கள். 2025இல் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ்க் குரலோடு தியேட்டருக்கே வந்துவிட்டது. படம் பார்த்த கையோடு, "இதன் மூலக்கதையைப் புத்தகமாகப் படிக்கணும், எங்கே ஆரம்பிப்பது?" என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். இன்னொரு பக்கம் இரும்புக்கை மாயாவி, டெக்ஸ் வில்லர் என்று முத்து, லயன் காமிக்ஸில் ஊறிய பழைய வாசகர்கள். மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, என்றதும் "பெரிய பெரிய கண்ணு, ஓயாத சண்டை, பின்பக்கத்திலிருந்து வேறு படிக்கணுமாம்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இது.

நமக்குக் கிடைக்கும் மங்கா பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு. அதை நினைத்துத் தயங்க வேண்டாம். பலூனுக்குள் இருப்பதெல்லாம் பேச்சு. நாலைந்து சொல்லில் முடிகிற வரிகள். பள்ளி ஆங்கிலமே போதும். ஆங்கிலம் வராமல் மங்காவைக் கைவிட்டவர்களை நான் அதிகம் கண்டதில்லை. எடுத்த எடுப்பில் நூறு பாகத் தொடரில் காலை விட்டுத் திணறியவர்கள்தான் ஏராளம். எனவே நான் சொல்லப்போவது இதைத்தான்: சின்னதாக, முடிந்துபோன கதையாக, நல்ல பதிப்பாகப் பார்த்து எடுங்கள். எடுத்ததை நிதானமாகப் படியுங்கள்.

புத்தகத்தை எந்தப் பக்கம் திறப்பது

நாம் பின்னட்டை என்று நினைப்பதுதான் முன்னட்டை. முதுகு வலது கைப் பக்கம் இருக்கும்படி வைத்துக்கொண்டு திறக்க வேண்டும். தவறான பக்கம் திறந்தால் "நில்லுங்கள், இது கடைசிப் பக்கம்" என்று பல பதிப்பகங்கள் அங்கே ஓர் அறிவிப்பே போட்டிருக்கும்.

ஒரு பக்கத்தில் வலது மேல் மூலையிலிருந்து தொடங்கி இடப்பக்கம் போக வேண்டும். வரிசை முடிந்ததும் அடுத்த வரிசையின் வலது முனை. ஒரே கட்டத்துக்குள் இரண்டு பேர் பேசினால் வலப்பக்க பலூன் முதலில். வலது ஓரத்தில் உயரமாக ஒரு கட்டமும், இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கட்டங்களும் இருந்தால், உயரமானதை முடித்துவிட்டு இடது மேல், இடது கீழ் என்று போங்கள். எது வரிசை என்று குழம்பினால் கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளியைப் பாருங்கள். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இடையில் அகலமாகவும், பக்கவாட்டில் ஒடுக்கமாகவும் விடுவது ஜப்பானில் பொதுவான வழக்கம். ஒடுக்கமான இடைவெளியை முதலில் தாண்டுங்கள், அகலமானதை அப்புறம். இதைப் பிடித்துக்கொண்டால் பாதித் தடுமாற்றம் போய்விடும். முதல் ஐம்பது பக்கம் வரை கண் இழுபடும், அதன்பின் பழகிவிடும். பிறகு ஒரு டெக்ஸ் கதையைக் கையில் எடுத்தால் கண் அதை வலமிருந்து தொடங்கப் பார்க்கும், அது வேறு கதை.

"ஏன், படத்தைத் திருப்பிப்போட்டு நம் வழக்கப்படியே அச்சடித்தால் என்ன?" என்று கேட்கலாம். அப்படித்தான் முதலில் செய்தார்கள். 1980களின் கடைசியில் 'அகிரா' என்ற மங்கா அமெரிக்காவில் மார்வெல் நிறுவனத்தின் எபிக் வரிசையில் வந்தபோது பக்கங்களைக் கண்ணாடி பிம்பம் போலத் திருப்பி, போதாததற்கு வண்ணமும் தீட்டினார்கள். திருப்பினால் எல்லாரும் இடக்கைக்காரர் ஆகிவிடுவார்கள். சாமுராயின் வாள் வலது இடுப்புக்குப் போய்விடும். கிமோனோவின் மடிப்பும் மாறும்; உயிரோடு இருப்பவர்கள் இடப்பக்கத் துணியை மேலே போட்டுக் கட்டுவார்கள், வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. 'பிளேட் ஆஃப் தி இம்மார்டல்' தொடரின் கதாநாயகன் முதுகில் ஸ்வஸ்திகை இருக்கிறது. திருப்பினால் அது நாஜிச் சின்னம் போல ஆகிவிடும் என்பதால், டார்க் ஹார்ஸ் பதிப்பகம் பக்கங்களைத் திருப்பாமல் கட்டங்களை வெட்டி இடம் மாற்றி ஒட்டியது. இந்தக் கூத்தெல்லாம் ஓயக் காரணமானவர்களில் டோக்கியோபாப் என்ற அமெரிக்க மங்கா பதிப்பகம் முக்கியமானது. 2002இல் அது தன் புத்தகங்களை வலமிருந்து இடமாகவே வெளியிடத் தொடங்கியது. செலவும் குறைந்தது, வாசகர்களும் ஏற்றுக்கொண்டார்கள். மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள்.

விதிவிலக்கும் உண்டு. மங்கா முன்னோடி ஒசாமு தெசுகாவின் 'புத்தா'வும், ஹிரோஷிமா குண்டுவீச்சில் தப்பிப் பிழைத்த கெய்ஜி நகாசாவாவின் 'பேர்ஃபுட் ஜென்'னும் ஆங்கிலத்தில் இடமிருந்து வலமாகவே கிடைக்கின்றன. வலமிருந்து படிப்பது ஒத்தே வராது என்பவர்கள் இவற்றில் தொடங்கலாம்.

வசனத்துக்கு முன் படத்தைப் பாருங்கள்

"நானூறு ரூபாய் கொடுத்து வாங்கினேன், அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது." இது பழைய காமிக்ஸ் வாசகர்களின் நிரந்தரப் புலம்பல். ஐரோப்பியக் காமிக்ஸ் ஆல்பத்தில் ஒரு பக்கத்துக்குப் பத்துக் கட்டம், கட்டத்துக்கு நாலு வரி வசனம் என்று படித்துப் பழகிய கண்ணுக்கு, மங்காவில் வசனமே இல்லாத பத்துப் பக்கம் ஏமாற்றமாகத்தான் தெரியும். பலூனிலிருந்து பலூனுக்குத் தாவினால் ஒரு பாகம் அரை மணியில் முடியத்தான் செய்யும். ஆனால் படித்தது கால்வாசிதான்.

ஒரு பக்கத்தை எப்படிப் படிப்பது என்பதற்கு ஜுன்ஜி இடோவின் 'உசுமாகி' நல்ல பாடம். சுருள் வடிவத்தின் பிடியில் சிக்கிய ஒரு சிற்றூரின் கதை அது. முதல் அத்தியாயத்தில் ஒருவர் சந்தின் ஓரமாகக் குந்தி, சுவரில் ஒட்டியிருக்கும் நத்தைக் கூட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். பெரிதாக ஒன்றும் நடக்காது. பின்னணியில் மேகத்தையும், ஓடை நீரையும், புல்லையும் கவனியுங்கள். எல்லாம் மெதுவாகச் சுருண்டுகொண்டிருக்கும். பாத்திரங்கள் யாரும் அதைப் பேச மாட்டார்கள். அப்புறம் இடப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு முகம் எதையோ பார்த்து உறையும். தாளைத் திருப்பினால் வலப்பக்கத்தில் முழுப்பக்கப் படம். பயம் முழுக்க அந்தத் தாள் திருப்பலில் இருக்கிறது. படங்களை மேலோட்டமாகத் தள்ளிக்கொண்டு வந்தவருக்கு அந்தப் பக்கம் வெறும் அருவருப்பான படம். கூர்ந்து வந்தவருக்கு வயிறு கலங்கும். செல்போனில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் படித்தால் இதில் பாதி போய்விடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னும் சில குறிகள் தெரிந்திருந்தால் வசதி. கட்டங்களைச் சுற்றியுள்ள ஓரம் வெள்ளைக்குப் பதில் கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் பழைய நினைவு ஓடுகிறது என்று பொருள். நெற்றியில் ஒற்றை வியர்வைத் துளி என்றால் சங்கடம். நெற்றியோரம் நரம்பு புடைத்த குறி என்றால் கோபம். மூக்கில் குமிழி தொங்கினால் ஆள் நல்ல தூக்கம். தீவிரமான காட்சிக்கு நடுவே திடீரென்று பாத்திரங்கள் குட்டி பொம்மை போலச் சுருங்கினால் அந்தக் கட்டம் நகைச்சுவை. அடுத்த கட்டத்தில் பழையபடி நிமிர்ந்துவிடுவார்கள்.

பலூன்கள் ஏன் இவ்வளவு ஒல்லியாக, உயரமாக இருக்கின்றன என்று தோன்றும். ஜப்பானிய எழுத்தை மேலிருந்து கீழாக எழுதுவார்கள். அதற்கென்று வரைந்த பலூன் அது. அதற்குள் ஆங்கிலத்தை அடக்க வேண்டிய பாடு எழுத்துக் கோப்பவர்களுடையது. நீளமான சொல்லை இரண்டாக உடைத்து, நடுவில் கோடு போட்டு, எழுத்தைச் சிறிதாக்கித் திணித்திருந்தால் அந்தப் பதிப்பில் அக்கறை குறைவு. நல்ல பதிப்பில் பலூனுக்குள் காற்றாட இடம் இருக்கும்.

ஓசை எழுத்துகளும் படத்தின் பகுதிதான். கதவு சாத்துவது, மழை, காலடி என்று எல்லாவற்றுக்கும் ஓர் ஒலி உண்டு. ஒலியே இல்லாததற்கும் உண்டு. ஒருவர் அசட்டுத்தனமாக எதையாவது சொல்லி, சபை அமைதியாகிவிட்டால் அந்த அமைதிக்கே 'ஷீ...ன்' என்று எழுதுவார்கள். சலசல, மொறுமொறு, திருதிரு என்று பேசும் நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆங்கிலத்துக்குத்தான் இதில் கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. சில பதிப்புகள் மூல எழுத்தை அழித்து ஆங்கில ஒலியை வரைகின்றன. சில, மூலத்தை அப்படியே விட்டுப் பக்கத்தில் சின்னதாகப் பொருள் தருகின்றன. என் ஓட்டு இரண்டாவதுக்கு. ஓவியரின் கை எழுதிய எழுத்தை அழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எதிலிருந்து தொடங்குவது

'ஒன் பீஸ்' வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கும் பிடித்த தொடர்தான். ஆனால் 1997இல் தொடங்கி 110 பாகங்களைத் தாண்டி இன்னும் முடியாத கதை அது. புதிதாக வருபவருக்கு அது பணத்துக்கும் கேடு, பொறுமைக்கும் கேடு. 72 பாகங்கள் கொண்ட 'நருட்டோ'வும் அப்படித்தான். அனிமேயில் (ஜப்பானியக் கார்ட்டூனில்) ஏற்கெனவே பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து படிக்கிறேன் என்பவர்கள் விதிவிலக்கு. அவர்களுக்கும் என் யோசனை, முதல் பாகத்திலிருந்து படிப்பதே. அனிமேயில் நீட்டி இழுத்த இடங்கள் புத்தகத்தில் கச்சிதமாக இருப்பதைப் பார்க்கலாம்.

இந்தத் தொடர்கள் ஏன் இவ்வளவு நீளம் என்பதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான மங்கா முதலில் பத்திரிகையில் தொடராக வருகிறது. 1968இல் ஷூயெய்ஷா பதிப்பகம் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்', 1990களின் நடுவில் வாரம் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டிய பத்திரிகை. அதில் ஒவ்வொரு தொடருக்கும் வாரம் சுமார் 19 பக்கம். வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த தொடர்களைக் குறித்து அனுப்பும் வாக்கெடுப்பு அட்டைகளை வைத்துத் தரவரிசை. வரிசையில் கீழே போனால் தொடரை முடித்துவிடுவார்கள். மேலே இருந்தால் சுலபத்தில் முடிக்க விடமாட்டார்கள். குமுதத்திலும் விகடனிலும் 'தொடரும்' போட்டு ஏங்கவிட்ட கதைகளைப் படித்த தலைமுறைக்கு இந்த உத்தி புரியும். அதனால்தான் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு திடுக்கில் முடிகிறது. புத்தகமாகச் சேர்த்துப் படிக்கும்போது அது சில சமயம் சலிக்கும். ஒரே மூச்சில் ஐந்து பாகம் படிக்காமல் நாளுக்கு இரண்டு மூன்று அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் சலிக்காது.

ஷோனென், ஷோஜோ, செய்னென், ஜோசெய் என்று நாலு பெயர் அடிக்கடி காதில் விழும். முறையே பையன்கள், பெண்பிள்ளைகள், வளர்ந்த ஆண்கள், வளர்ந்த பெண்கள் என்று பத்திரிகை யாரைக் குறிவைக்கிறதோ அந்தப் பெயர். கதையின் வகையை அது சொல்வதில்லை. அதைப் பார்த்துப் புத்தகம் தேர்ந்தெடுக்காதீர்கள். 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' பையன்கள் பத்திரிகையில் வந்தது. எழுதி வரைந்த ஹிரோமு அரகாவா, ஹொக்கைடோவில் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்த பெண். 27 பாகங்கள், 2001 முதல் 2010 வரை. இறந்த தாயை உயிர்ப்பிக்கப் பார்த்து, அண்ணன் கையையும் காலையும் இழக்கிறான், தம்பி உடம்பையே இழந்து இரும்புக் கவசத்துக்குள் உயிராக மட்டும் இருக்கிறான். முதல் பாகத்தில் போட்ட முடிச்சு கடைசிப் பாகத்தில் அவிழ்கிறது. நடுவில் தொங்கல் இல்லை. நீளமான தொடர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு நான் கொடுப்பது இதையே.

மற்றவர்களுக்கு முதல் புத்தகமாக நான் சொல்வது நவோகி உராசாவாவின் 'புளூட்டோ'. எட்டே பாகங்கள். தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரில் வந்த ஒரு சிறுவர் கதையை எடுத்து, பெரியவர்களுக்கான துப்பறியும் கதையாக மாற்றியிருக்கிறார். உலகின் சிறந்த ரோபோக்கள் ஒவ்வொன்றாகக் கொல்லப்படுகின்றன. விசாரிக்கும் அதிகாரி கெசிஹ்ட்டும் ஒரு ரோபோ. மூலக்கதை தெரிந்திருக்கத் தேவையில்லை. முதல் பாகத்திலேயே ஒரு கிளைக்கதை வருகிறது: ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டையில் தனியாக வாழும் கண் தெரியாத இசையமைப்பாளர், அவருக்கு வேலைக்காரனாக வந்துசேரும் பழைய போர் ரோபோ. அந்த ரோபோவுக்குப் பியானோ கற்றுக்கொள்ள ஆசை. எடுபிடிக்கு ஏன் சங்கீதம் என்று கிழவர் விரட்டுகிறார். ரோபோவின் முகத்தில் ஓர் அசைவும் கிடையாது. நீண்ட அங்கி உடம்பை மூடியிருக்கும். அசைவற்ற அந்த முகத்தை ஒரே கோணத்தில் திரும்பத் திரும்ப வரைந்தே நம்மைக் கலங்க வைத்துவிடுகிறார் உராசாவா. இந்தக் கிளைக்கதையைப் படித்தும் மனம் அசையவில்லை என்றால், மங்கா உங்களுக்கு ஒத்துவராது போல என்று சந்தேகப்படுவேன்.

தெசுகாவின் 'புத்தா'வைப் பற்றியும் நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1972இல் தொடங்கிய தொடர், ஆங்கிலத்தில் எட்டுப் பாகம். களம் நம் நாடு. ஆனால் புத்த சரித்திரம் என்று நினைத்து எடுத்தால் குழம்புவீர்கள். முதல் பாகம் முடியப்போகும்போதுதான் சித்தார்த்தனே பிறக்கிறான். அதுவரை கதை சாப்ரா என்ற அடிமைச் சிறுவனையும், விலங்குகளின் மனத்துக்குள் புகுந்துகொள்ளத் தெரிந்த தத்தா என்ற குட்டித் திருடனையும் சுற்றியே ஓடுகிறது. இருவரும் தெசுகாவின் கற்பனை. சாதிக் கொடுமையை அவர் காட்டும் விதம் சில இடங்களில் முரட்டு எளிமை. உருக்கமான காட்சிக்கு நடுவே இருபதாம் நூற்றாண்டு நகைச்சுவையைச் செருகுவார், தன்னையே ஒரு பாத்திரமாக வரைந்து உள்ளே நுழைத்துவிடுவார். நம் ஊர் அமர் சித்திரக் கதைப் பணிவை எதிர்பார்ப்பவர்களுக்கு இது உறுத்தும். எனக்கு அந்தத் துடுக்குத்தனம்தான் பிடித்திருக்கிறது.

வசனம் நிறைய வேண்டும் என்பவர்களுக்கு 'டெத் நோட்', 12 பாகம். பெயரை எழுதினால் ஆள் சாகும் நோட்டுப் புத்தகம், அதை வைத்திருக்கும் மாணவன், அவனைத் துரத்தும் துப்பறிவாளன். ஏழாம் பாகம் வரை பிரமாதம். அதன்பின் கொஞ்சம் இறங்குமுகம் என்பது என் கருத்து. துப்பறியும் நாவல் ரசிகர்களுக்கு உராசாவாவின் 'மான்ஸ்டர்'. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் 'யோட்சுபா'. அடுத்த வீடு, ஐஸ்கிரீம், மழை என்று ஒரு சிறுமியின் அன்றாடம், வேறு ஒன்றும் கிடையாது, விழுந்து விழுந்து சிரிக்கலாம். பள்ளி, கொடுமை, மன்னிப்பு என்று மனத்தைப் பிசையும் கதை வேண்டுமென்றால் 'எ சைலன்ட் வாய்ஸ்', ஏழு பாகம். காது கேளாத சக மாணவியைத் துன்புறுத்திய பையன் பிறகு யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியாதவனாகிறான். அவன் பார்வையில் மற்றவர்கள் முகத்தின்மேல் பெரிய பெருக்கல் குறி போட்டிருக்கும்.

வாங்குமுன் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, கதை முடிந்துவிட்டதா? தகேஹிகோ இனோயெவின் 'வேகபாண்ட்' ஓவியத்துக்காகவே வைத்திருக்கலாம், ஆனால் 2015 முதல் நின்றுபோய் இருக்கிறது. 'நானா' 2009இல் ஆசிரியரின் உடல்நலக் குறைவால் நின்றது. இரண்டு, பின்னட்டையில் வயதுக் குறி. விஸ் பதிப்பகப் புத்தகங்களில் டீ (T) என்றால் பதின்வயதினர், டீ பிளஸ் என்றால் அதில் மூத்தவர்கள், எம் என்றால் வளர்ந்தவர்கள் மட்டும். படக்கதைதானே என்று 'பெர்செர்க்'கைப் பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பை எடைபோடுவது

ஜப்பானிய மொழி தெரியாமல் மொழிபெயர்ப்பு நல்லதா என்று எப்படிச் சொல்வது? முழுதாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு சோதனை உண்டு. படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு ஓர் உரையாடலை மட்டும் படியுங்கள். பாட்டி, ரவுடி, பள்ளிச் சிறுமி மூவரும் ஒரே குரலில் பேசுவதாகத் தோன்றினால் அது சுமாரான மொழிபெயர்ப்பு. ஜப்பானிய மொழியில் வயது, ஊர், அந்தஸ்து எல்லாம் வாக்கியத்தின் முடிவிலேயே தெரிந்துவிடும். அதை ஆங்கிலத்தில் ஏதாவது ஒரு வழியில் கொண்டுவந்திருக்க வேண்டும்.

சான், குன், சாமா, சென்பாய் என்று பெயருக்குப் பின்னால் வரும் மரியாதைச் சொற்களில் பதிப்பகங்களுக்குள் ஒற்றுமை இல்லை. யென் பிரஸ் பெரும்பாலும் அப்படியே விடுகிறது. விஸ் பெரும்பாலும் எடுத்துவிடுகிறது. எடுத்தால் ஆங்கிலம் சரளமாக ஓடும், உண்மைதான். ஆனால் காதல் கதைகளில் நிறையப் போய்விடுகிறது. வருடக்கணக்கில் குடும்பப் பெயரும் 'சான்'னுமாகக் கூப்பிட்ட பெண்ணை ஒருநாள் வெறும் பெயரால் கூப்பிட்டுவிடுவான் பையன். அவள் காது சிவக்கும். ஆங்கிலத்தில் ஆரம்பத்திலிருந்தே பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பான் என்பதால், எதற்கு இவ்வளவு வெட்கம் என்று புரியாது. 'வாங்க, போங்க' ஒருநாள் 'வா, போ' ஆவதன் கனம் தெரிந்த நமக்கு, மரியாதைச் சொற்களை விட்டுவைத்த பதிப்பே வசதி. வாய்ப்பிருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

பெயர்க் குழப்பங்களுக்குத் தயாராக இருங்கள். 'ஒன் பீஸ்' வாள்வீரன் ஸோரோ, விஸ் புத்தகங்களில் ஸோலோ. அச்சுப்பிழை இல்லை, வேண்டுமென்றே வைத்த பெயர். 'டிடெக்டிவ் கோனன்' ஆங்கிலத்தில் 'கேஸ் குளோஸ்ட்' என்ற தலைப்பில் வருகிறது. அதில் ஷினிச்சி ஜிம்மி ஆகிவிட்டான், ரான் ரேச்சல் ஆகிவிட்டாள். ஜப்பானில் வாழும் ஜப்பானியப் பிள்ளைக்கு ஜிம்மி என்று பெயர் வைத்தது எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். பண்டிகை, உணவு, சொல் விளையாட்டு இவற்றை விளக்கும் குறிப்புகள் இருந்தால் அக்கறையான பதிப்பு. கோடன்ஷா பதிப்பகப் புத்தகங்கள் பலவற்றில் இது இருக்கும். பழைய தலைப்புகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் உண்டு. பொதுவாகப் பிந்தையது தேவலை. 'அகிரா'வையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2017இல் வந்த 35ஆம் ஆண்டுப் பெட்டிப் பதிப்பில் பக்கங்கள் மூலப்படியே வலமிருந்து இடம், ஓசை எழுத்துகளும் ஜப்பானிய மொழியிலேயே. விலை மட்டும் கண்ணைக் கட்டும்.

இணையத்தில் ரசிகர்களே மொழிபெயர்த்து ஏற்றும் பக்கங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆங்கிலத்தில் வரவே வராத தொடருக்காக அங்கே போகிறவரிடம் நான் சண்டை போட மாட்டேன். ஆனால் முறையாக, இலவசமாகவே கிடைக்கும் தொடரையும் அங்கே போய்ப் படிப்பதில் அர்த்தமில்லை. அவசரத்தில் செய்தவற்றில் யார் பேசுகிறார் என்பதே மாறிப்போயிருக்கும்.

எங்கே படிப்பது, எப்படி வாங்குவது

காசு செலவழிக்காமல் ருசி பார்க்க, ஷூயெய்ஷா 2019இல் தொடங்கிய 'மங்கா பிளஸ்' செயலி போதும். தொடரின் முதல் மூன்று அத்தியாயங்களும் அண்மைய மூன்றும் இலவசம். ஜப்பானில் வெளியாகும் அதே நேரத்தில் ஆங்கிலத்திலும் வந்துவிடும். தாய், இந்தோனேசியம், வியட்நாமியம்கூட உண்டு, தமிழ் இல்லை. சந்தா கட்டத் தயார் என்றால் விஸ் நிறுவனத்தின் 'ஷோனென் ஜம்ப்' செயலி இந்தியாவில் கிடைக்கிறது. மாதத்துக்கு ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக் காசில் பழைய தொடர்களை முழுசாகப் படிக்கலாம். செல்போனில் படித்தால், இரண்டு பக்கமும் சேர்ந்த பெரிய படம் வரும்போது போனைக் குறுக்காகத் திருப்ப மறக்காதீர்கள். கையில் டேப்லெட் இருந்தால் இன்னும் நல்லது.

அச்சுப் புத்தகம் வாங்குபவர்களுக்குப் பெரிய தொல்லை கள்ளப் பதிப்பு. நடைபாதையில் மட்டும் இல்லை, இணையக் கடைகளிலும் ஒரிஜினல் போலவே படம் போட்டு விற்கிறார்கள். விலை வழக்கத்தில் பாதிக்கும் கீழே இருந்தால் சந்தேகப்படுங்கள். முழுத் தொடரும் ஒரு பெட்டியில் நம்ப முடியாத தள்ளுபடியில் என்றால் சந்தேகமே வேண்டாம், கள்ளம்தான். புத்தகம் கைக்கு வந்ததும் சாம்பல் நிறப் பகுதிகளை உற்றுப் பாருங்கள். ஒரிஜினலில் அது நுண்ணிய புள்ளிகளாகத் தனித்தனியாகத் தெரியும். ஸ்கேன் செய்து அடித்ததில் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து அலை அலையாக, திட்டுத்திட்டாக இருக்கும். கறுப்பு கறுப்பாக இல்லாமல் வெளுத்திருக்கும். நடு மடிப்பில் வசனம் பாதி விழுங்கப்பட்டிருக்கும். அப்படி வந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். விஸ் புத்தகங்களை சைமன் அண்ட் ஷூஸ்டரும், கோடன்ஷா புத்தகங்களைப் பெங்குயின் ரேண்டம் ஹவுஸும் விநியோகிக்கின்றன. நல்ல புத்தகக் கடைக்காரரிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்டால் வரவழைத்துத் தருவார்.

மூன்று பாகம் ஒரே புத்தகமாக வரும் மலிவுப் பதிப்பு சிக்கனம்தான். ஆனால் தடிமனால் நடுப்பகுதி சரியாக விரியாது, தாளும் மட்டம். 'உசுமாகி' போல ஓவியத்துக்காகப் படிப்பதைக் கெட்டி அட்டையில் வாங்குங்கள். சண்டைத் தொடர்களுக்கு மலிவுப் பதிப்பு தாராளமாகப் போதும். முழுத் தொடரையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். இரண்டு பாகம் வாங்கிப் படித்துவிட்டு, மூன்றாவதுக்கு மனம் அடித்துக்கொண்டால் மேலே போகலாம்.

முதல் தொடர் முடிந்ததும்

அடுத்தது எது என்று தேடும்போது தரப்பட்டியல்களை நம்பாதீர்கள். அவை பெரும்பாலும் அந்த வருடம் அனிமேயாக வந்தவற்றின் பட்டியல். விக்கி பக்கங்களைத் திறந்தாலும் ஆபத்து. பாத்திரத்தின் பெயரைத் தேடினால் முதல் வரியிலேயே அவர் எப்படிச் செத்தார் என்று போட்டிருப்பார்கள்.

ஆசிரியரைப் பிடித்துக்கொண்டு போவதே நல்ல வழி. 'புளூட்டோ' பிடித்ததா? அடுத்து 'மான்ஸ்டர்' எடுங்கள். ஒன்பது தடித்த பாகங்களாகக் கிடைக்கிறது. அதுவும் பிடித்தால் '20த் செஞ்சுரி பாய்ஸ்'. பின்னோக்கிப் போக ஆசை என்றால் 'புளூட்டோ'வின் மூலமான 'ஆஸ்ட்ரோ பாய்', அங்கிருந்து தெசுகாவின் மற்ற புத்தகங்கள். 'ஃபுல்மெட்டல்' பிடித்தவர்களுக்கு அரகாவாவின் 'சில்வர் ஸ்பூன்'. மந்திரம் இல்லை, சண்டை இல்லை, வேளாண்மைப் பள்ளிக்கூடம், பன்றிக்குட்டி, பாலாடைக்கட்டி.

நடுவில் ஓய்வுக்கு ஒரு வினோதமான புத்தகத்தையும் தேடிப் பாருங்கள். சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் ஆங்கிலத்தில் கொண்டுவந்த, யுகிச்சி யமமட்சுவின் 'ஸ்டுபிட் கை கோஸ் டு இந்தியா'. ஐம்பதைத் தாண்டிய மங்கா ஓவியர் ஒருவர், இந்தியும் தெரியாமல் ஆங்கிலமும் தெரியாமல், மங்காவை இந்தியில் மொழிபெயர்த்து விற்கப்போகிறேன் என்று டெல்லிக்கு வந்து பட்ட பாட்டைத் தானே வரைந்த கதை. ஓவியம் கரடுமுரடு, ஆள் படுபிடிவாதம். அறை தேடுவது, அச்சகம் தேடுவது, தெருவில் கடை விரிப்பது என்று ஒவ்வொன்றிலும் அடிபடுகிறார். மலிவான புத்தகம்தான், கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள், எல்லாக் கடைகளிலும் இருப்பு வைப்பதில்லை.